கொடையா? கடனா?
ஆட்சி மாற்றமும் இளைப்பாறு சம்பளமும்

'பென்சன்' என்னும் சொல் நுழையாத வீடு நம் ஊர்களிலே அரிது. கலியாணப் பேச்சிலும் காணி உறுதி எழுதும் வேளையிலும் அச்சொல்லுக்கென ஒரு தனி மதிப்பு இருந்து வந்துள்ளது. அதனைத் தமிழிலே வழங்கப் புகுந்தோர் மூன்று தொடர்களை ஆண்டனர். 'உபகாரச் சம்பளம்' என்பது ஒன்று. 'இளைப்பாறு சம்பளம்' என்பது மற்றொன்று. 'ஓய்வூதியம்' என்பது பின்னர் வந்து நிலைத்தது. மூன்றும் ஒரு பொருளையே குறிப்பன போலத் தோன்றும். ஆயினும் ஊன்றி நோக்குவோர்க்கு அவற்றினுள்ளே ஒரு பெரிய வழக்கே அடங்கிக் கிடத்தல் புலனாகும்.

உபகாரமாவது ஒருவர் மனமுவந்து செய்யும் உதவி. அதனைப் பெற்றவன் நன்றி கூறலாம். பெறாதவன் வழக்காட இயலாது. இளைப்பாறு சம்பளம் என்றபோதோ நிலைமை மாறிவிடுகின்றது. சம்பளம் என்றமையால் அது உழைப்பின் தொடர்ச்சியாகின்றது. ஓய்வூதியம் என்னும் சொல் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. 'ஊதியம்' என்பதனை முதலிட்டு வாணிகம் செய்வோன் அடையும் ஆதாயம் என்ற பொருளிலே வள்ளுவர் ஆண்டுள்ளார். ஆகவே, ஓய்வூதியம் பெறுவோன் முன்னரே ஒரு முதலை இட்டவனாகின்றான். அவன் உழைத்த ஆண்டுகளே அம்முதல். ஆங்கிலச் சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல்லும் 'நிறுத்தல்' என்னும் பொருளடியாகப் பிறந்ததே. தராசிலே நிறுத்துக் கொடுக்கப்படுவது கொடையன்று, கணக்குப்படி சேரவேண்டியது.

கொடையா, கடனா என்னும் இவ்வினா ஓர் அரசு நிலைபெற்றிருக்கும் காலத்திலே பெரும்பாலும் எழுவதில்லை. மாதம் பிறந்ததும் பணம் வந்துவிடும். அரசு கைமாறும் நாளிலேதான் அது கூர்மை பெறுகின்றது. வேலை வாங்கிய எசமான் கப்பலேறிப் போய்விடுகின்றான். புதிதாக வந்தவனோ, "நான் உன்னை வேலைக்கு வைத்தவன் அல்லனே" என்று கூறலாம். இடையிலே நிற்கும் முதியவனுக்கு யார் பொறுப்பு? இருபதாம் நூற்றாண்டிலே பேரரசுகள் கலைந்தபோது, நாட்டுக்கு நாடு இவ்வினா எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகள் பலவாயின.

பழைய நியதி

குடியேற்ற ஆட்சியின் சட்ட நியதியை முதலில் அறிதல் வேண்டும். அரச சேவகன் முடியின் விருப்பம் உள்ளவரையே பதவி வகிப்பவன் என்பது அந்நியதி. அவனைக் காரணம் கூறாமலும் நீக்கலாம். அவனுக்கு அளிக்கப்படும் ஓய்வூதியமும் அவ்விருப்பத்தின் விளைவாகவே கருதப்பட்டது. இலங்கையிலே அரசாங்க உத்தியோகத்தர் அனைவரும் கைந்நூல்போலப் பேணிய ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதற் பிரிவே, எந்த உத்தியோகத்தருக்கும் ஓய்வூதியத்தின்மேல் முற்றான உரிமை இல்லை என்று கூறிற்று. முப்பது ஆண்டுகள் கச்சேரியிலே பேரேடு எழுதியவர் எதனை நம்பி வீடு கட்டினாரோ, மகளுக்குச் சீதனம் பேசினாரோ, அது சட்டத்தின் கண்ணிலே ஓர் அருட்கொடை மாத்திரமே.

இருப்பினும் பிரித்தானிய அரசு தன் உத்தியோகத்தருக்கு ஓய்வூதியத்தை ஒழுங்காகவே கொடுத்து வந்தது. உரிமை இல்லை என்று ஏட்டிலே எழுதிவிட்டு, உரிமை உள்ளது போலவே நடந்துகொண்டது. அரசு ஒன்றாயிருந்தமட்டும் அவ்வழக்கமே போதுமானதாயிற்று. வழக்கத்தை நடத்தியவர் போகும் நாள் வந்தபோது, எழுத்திலே ஒன்றும் இல்லையே என்ற அச்சம் உத்தியோகத்தரைப் பற்றிக்கொண்டது.

கடனாளி யார்?

ஆட்சி மாறும்போது இக்கடனை ஏற்க வேண்டியவர் யார் என்பதே அடுத்த வினா. இதற்கு இந்தியா அளித்த விடை பெருந்தன்மையும் கணக்கும் ஒருங்கு சேர்ந்தது. 1947ஆம் ஆண்டு ஜூலை 18ஆந் தேதி அரச அங்கீகாரம் பெற்ற இந்திய சுதந்திரச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, இந்திய மந்திரியால் நியமனம் பெற்றுப் புதிய அரசின் கீழும் தொடர்ந்து சேவை செய்வோர்க்குச் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம் ஆகியவற்றிலே பழைய நிபந்தனைகளை உறுதி செய்தது. தாயகம் திரும்பிய ஆங்கிலேயருக்கும் ஓய்வூதியம் போய்ச் சேரவேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழி போர்க்காலக் கணக்கிலே கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா அளித்த பொருள்களுக்கும் சேவைகளுக்குமாகப் பிரித்தானியா இந்தியாவுக்குப் பெருந்தொகை கடன்பட்டிருந்தது. 1948 ஜூலையிலே நடந்த உடன்படிக்கையின்படி, அந்நிலுவையிலிருந்து மத்திய அரசின் பொறுப்பிலிருந்த ஓய்வூதியங்களுக்காக 14 கோடி 75 இலட்சம் பவுணும், மாகாணங்களின் பொறுப்பிலிருந்தவற்றுக்காக 2 கோடி 5 இலட்சம் பவுணும் கழிக்கப்பட்டன. அத்தொகையைப் பெற்றுக்கொண்ட பிரித்தானியா, ஆண்டுதோறும் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பணத்தை அளிப்பதாக ஒப்புக்கொண்டது. அடிமைப்படுத்திய ஆட்சியின் அதிகாரிகளுக்கு, விடுதலை பெற்ற நாடு முதுமைக்காலச் சோற்றுக்கு முன்பணம் கட்டிற்று என்பது இதன் பொருள்.

இது யாவர்க்கும் உவப்பாயிருந்ததென்று கூறமுடியாது. 1949 அக்டோபரிலே, பழைய சிவில் சேவையினரின் உரிமைகளை அரசியலமைப்பிலேயே எழுதிவைக்கும் முயற்சி எழுந்தபோது, அரசியல் நிருணய சபையிலே அனந்தசயனம் ஐயங்கார் முதலியோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். நாட்டின் தலைவர்களைச் சிறையிட்ட ஆட்சியின் கருவிகளாயிருந்தோருக்குத் தனிச்சலுகை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அவர்களுக்கு மறுமொழி கூறியவர் வல்லபாய் பட்டேல். தாமும் அவ்வாட்சியினாலே சிறைப்பட்டவர். ஆயினும் கொடுத்த வாக்குறுதியிலிருந்து பின்வாங்குதல் தகாது என்றும், நம்பிக்கை இழந்த சேவையினரைக் கொண்டு நாட்டை ஒன்றாக வைத்திருக்க இயலாது என்றும் அவர் வாதாடினார். 314ஆம் உறுப்புரை அவ்வாறு இடம்பெற்றது. எனினும் எழுத்திலே பொறித்தவையும் என்றும் நிற்பன அல்ல. 1972ஆம் ஆண்டு நிறைவேறிய இருபத்தெட்டாந் திருத்தம் அவ்வுறுப்புரையை நீக்கி, அச்சேவை நிபந்தனைகளை மாற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு அளித்தது.

எதிர்வாதத்தை முழு வலிமையோடு எடுத்துரைத்த நாடு தன்சானியா. தங்கனிக்கா 1961ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது, பிரித்தானிய உத்தியோகத்தரின் ஓய்வூதியப் பொறுப்பும் அதன் தோளிலே ஏறிற்று. 1968ஆம் ஆண்டு ஜூலியஸ் நைரேரேயின் அரசு, விடுதலைக்கு முன் நடந்த சேவைக்கான அவ்வோய்வூதியங்களைத் தான் இனித் தாங்கப்போவதில்லை என அறிவித்தது. அவர்கள் பிரித்தானியப் பேரரசுக்கு உழைத்தவர்கள். அவர்களை நியமித்ததும் அப்பேரரசே. ஆகவே அதுவே கொடுக்கட்டும் என்பது அதன் வாதம். பிரித்தானியா சினந்து தன் உதவியை நிறுத்திற்று. ஆனால் வாதத்தின் கூர்மையை அதனாலும் மழுக்க முடியவில்லை. சில ஆண்டுகளுள், 1973ஆம் ஆண்டின் கடல்கடந்த ஓய்வூதியச் சட்டத்தின் வழியாக, முன்னாட் குடியேற்ற நாடுகளிலே சேவை செய்த தன் உத்தியோகத்தரின் ஓய்வூதியப் பொறுப்பைப் பிரித்தானியாவே ஏற்றுக்கொள்ள முன்வந்தது.

இந்தியாவும் தன்சானியாவும் எதிரெதிர்த் திசைகளிலே நின்றன எனினும், ஒன்றிலே உடன்பட்டன. இரு நாடுகளிலும், முதியவனுக்குப் பணம் சேரவேண்டும் என்பதைக் குறித்து வழக்கில்லை. கொடுப்பவர் யார் என்பதே வழக்கு. இரண்டு அரசுகள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்க, நடுவே மனிதர் வீழ்ந்துபடுதலே கொடுமை. அதற்குச் சான்று ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளிலே உண்டு. 1942ஆம் ஆண்டு யப்பானியர் அத்தீவுகளைக் கைப்பற்றியபோது, குடியேற்ற அரசின் உத்தியோகத்தரும் படையினரும் பல்லாயிரவர் முகாம்களிலே அடைபட்டனர். 1945 வரை அவர்களுக்குச் சேரவேண்டிய சம்பளம் நிலுவையாயிற்று. 1949 டிசம்பர் 27ஆந் தேதி இறைமை இந்தோனேசியாவுக்குக் கைமாறியது. பழைய குடியேற்ற அரசின் கடன்கள் புதிய அரசைச் சேர்ந்தவை என்றது ஒல்லாந்து; தன்னைச் சிறைப்படுத்திய ஆட்சியின் சம்பள நிலுவையை இந்தோனேசியாவோ தீர்க்கவில்லை. வழக்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. ஈற்றில் 2015ஆம் ஆண்டிலே ஒல்லாந்து அரசு, அவ்வாண்டு ஓகஸ்ட் 15ஆந் தேதி உயிரோடிருந்தவர்களுக்கு மாத்திரம் ஆளுக்கு 25,000 யூரோ அளிக்க இசைந்தது. அந்நாளுக்கு முன்னரே கண்மூடியவர்களே மிகப் பலர். அவர்கள் பங்கு கணக்கேட்டோடு மறைந்தது.

நம் நாட்டு உடன்படிக்கை

இனி இலங்கைக்கு வருவோம். 1948 பெப்ரவரி 4ஆந் தேதி நாம் சுதந்திரம் பெற்றதை அறியாதார் இலர். அதற்கு முன், 1947 நவம்பர் 11ஆந் தேதி, டி. எஸ். சேனநாயக்காவும் தேசாதிபதி சேர் ஹென்றி மொங்க்மேசன் மூரும் மூன்று உடன்படிக்கைகளிலே கைச்சாத்திட்டனர். பாதுகாப்புப் பற்றியது ஒன்று. வெளிநாட்டு விவகாரம் பற்றியது மற்றொன்று. இவ்விரண்டைக் குறித்தும் அரசியல் மேடைகளிலே நெடுங்காலம் பேசப்பட்டது. மூன்றாவது அரசாங்க உத்தியோகத்தர் பற்றியது. அதனைப் பேசினார் சிலரே. அதுவோ அந்நாளிலே பல குடும்பங்களின் அடுப்பு எரிதலோடு தொடர்புடையதாயிருந்தது. அதன்படி, உடன்படிக்கைக்கு உட்பட்ட உத்தியோகத்தரின் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம் ஆகியவை முன்னிருந்ததினும் குறைவுபடா எனப் புதிய அரசு வாக்களித்தது.

பிற நாடுகளிலே உழைத்த நம்மவர்க்கும் இவ்வகைக் காப்பு இன்றியமையாததாயிற்று. யாழ்ப்பாணத்திலே 'மலாயாப் பென்சன்காரர்' என்று ஒரு வகுப்பினரே இருந்தனர். இளமையிலே மலாயாவுக்குக் கப்பலேறி, புகையிரதப் பகுதியிலும் திறைசேரியிலும் நில அளவைப் பகுதியிலும் உழைத்து, நரைத்த தலையோடு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். அவர்கள் பெற்ற மாதப் பணத்தாலே கல்வீடுகள் எழுந்தன. கோயில்கள் திருப்பணி கண்டன. பிள்ளைகள் கல்லூரி சென்றனர். 1957 ஓகஸ்ட் 31ஆந் தேதி மலாயா விடுதலை பெற்றபோது, கடலுக்கு அப்பாலிருந்த இம்முதியோர் அங்கே வாக்களிப்போர் அல்லர்; அந்நாட்டுப் பாராளுமன்றத்திலே அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை. எனினும், மலாயா சமஷ்டியின் அரசியலமைப்பு தன் 147ஆம் உறுப்புரையிலே, சேவையாளருக்கும் அவர்தம் விதவையருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய ஓய்வூதியத்தைக் காத்தது. பின்வரும் சட்டம் எதுவாயினும் அது முன்னையதிலும் நன்மை குறைந்ததாயிருத்தலாகாது என விதித்தது. ஒரு நாட்டின் அரசியலமைப்பிலே எழுதப்பட்ட ஒரு வாசகம், வேறொரு நாட்டின் கிராமத்திலே உலையேற்றி வைத்தது.

காப்பவர் யார்?

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆட்சிமாற்ற உடன்படிக்கைகள் முதன்மையாக யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டன? போகின்ற அரசு தன்னாலே நியமிக்கப்பட்டோரையும் தன்னோடு போவோரையும் பற்றியே பெரிதும் கவலைப்பட்டது. அது இயல்பே. அவர்களுக்கென வாதாட ஒரு பெரிய அரசு பின்னின்றது. நாட்டிலேயே பிறந்து, நாட்டிலேயே சேவை செய்து, புதிய அரசின் கீழும் தொடர்ந்திருந்த சிற்றூழியனுக்கு எந்த வெளியரசு வாதாடும்? அவனுக்குரிய காப்பு உள்நாட்டுச் சட்டத்திலும் நீதிமன்றத்திலும் மாத்திரமே இருத்தல் கூடும். அச்சட்டமோ, அரச சேவகன் முடியின் விருப்பத்துக்கு உட்பட்டவன் என்னும் பழைய நியதியையே கைக்கொண்டிருந்தது.

இந்நியதியின் தன்மையை மூன்று வழக்குகள் காட்டுகின்றன. இந்திய சிவில் சேவையினரான ஐ. எம். லால் 1940ஆம் ஆண்டு பதவி நீக்கப்பட்டார். அவ்விலக்கம் செல்லாது என 1948ஆம் ஆண்டு பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் தீர்த்தது. ஆனால் நிலுவைச் சம்பளத்தைக் கேட்டு வழக்காட இயலாது என்றும் கூறிற்று. 'பதவி உன்னதே, பணம் உன்னதன்று' என்பது போன்ற இத்தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு, பீகார் மாநிலத்தைச் சேர்ந்த அப்துல் மஜீதின் வழக்கிலே ஏற்க மறுத்தது. சம்பள நிலுவை கடனே. அதனை வழக்கிட்டுப் பெறலாம் என அது விதித்தது.

மூன்றாவது நம் நாட்டு வழக்கு. அரசகரும மொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டு நிறைவேறிய பின்னர், சிங்களத் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. தமிழரான கோடீஸ்வரன் என்னும் இலிகிதர், தம் ஏற்றம் மறுக்கப்பட்டமையை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் அவர்பால் தீர்த்தது. 1967ஆம் ஆண்டு உயர் நீதிமன்றமோ, சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்காடும் உரிமையே அரச சேவகனுக்கு இல்லை என அதனைத் தள்ளிற்று. மொழிச் சட்டம் நியாயமானதா என்னும் வினாவுக்குள் நுழையாமலே, வாயிலிலேயே கதவு அடைக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு கோமறைக் கழகம் அக்கதவைத் திறந்தது. லாலின் வழக்கிலே சம்பளம் பற்றிக் கூறப்பட்ட பகுதியைப் பின்பற்றாது, இலங்கைச் சட்டத்தின்படி அரச சேவகன் தன் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று தீர்த்தது. மொழிச் சட்டம் பற்றிய வினா மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்கு விடை கிடைக்குமுன் 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு வந்தது. அவ்வினா விடையின்றியே நின்றுவிட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அந்நிய ஆட்சி தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட 'விருப்பம் உள்ளவரை' என்னும் நியதி, அந்நியர் போனவுடன் போய்விடவில்லை. புதிய ஆட்சியாளரின் கையிலே அது ஒரு கருவியாகத் தங்கிற்று. வெள்ளைக்கார உத்தியோகத்தரை அதன் கூரிலிருந்து உடன்படிக்கை காத்தது. நாட்டின் மைந்தனாகிய இலிகிதனை ஓர் உடன்படிக்கையும் காக்கவில்லை. அவன் தானே நீதிமன்றப் படியேறித் தன் உழைப்பின் கூலி கடனே என நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

ஓய்வூதியத்தைக் குறித்து இதே முடிவை இந்திய உச்ச நீதிமன்றம் இரு படிகளிலே அடைந்தது. 1971ஆம் ஆண்டு தேவகிநந்தன் பிரசாத்தின் வழக்கிலே, ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைச் சார்ந்த கொடையன்று, அது பெறுவோனின் உடைமை என்றது. 1982 டிசம்பர் 17ஆந் தேதி நகராவின் வழக்கிலே, அது கடந்தகாலச் சேவைக்குரிய கொடுப்பனவென்றும், முதுமையிலே மனிதன் மானத்தோடு வாழ்வதற்குரிய காப்பென்றும் விளக்கிற்று. அந்நாளை இந்திய நாட்டு ஓய்வூதியர்கள் தம் நாளாகக் கொண்டாடி வருகின்றனர். உபகாரச் சம்பளம் ஓய்வூதியமாக மாறிய நாள் அதுவென நாமும் கூறலாம்.

முன்னையோர் பட்டறிவு முழுவதும் ஒருங்கு சேர்ந்தாற்போல் அமைந்தது ஹொங்கொங்கின் ஏற்பாடு. 1984 டிசம்பர் 19ஆந் தேதி பிரித்தானியாவும் சீனாவும் கைச்சாத்திட்ட கூட்டுப் பிரகடனம், ஆட்சி மாறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, உத்தியோகத்தரின் ஓய்வூதியம் பழைய நிலையினும் குறையாது என உறுதி கூறிற்று. நாட்டினம் யாதாயினும், வாழுமிடம் எதுவாயினும், 1997 ஜூலை 1ஆந் தேதிக்கு முன்னரே ஓய்வு பெற்றவராயினும், அவர்க்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் அது உரியதெனக் கூறப்பட்டது. 1990ஆம் ஆண்டு வகுத்த அடிப்படைச் சட்டத்தின் 102ஆம் உறுப்புரை அதனை உள்நாட்டுச் சட்டமாக்கிற்று. சொல்லோடு நில்லாது, 1995ஆம் ஆண்டிலே ஓய்வூதியச் சேமநிதி ஒன்றும் தனியே ஒதுக்கப்பட்டது. வாக்கு, சட்டம், பணம் என மூன்று பூட்டுகள் இட்டனர் எனலாம். அங்கும் உடன்படிக்கையிலே பேசியவை இரண்டு பேரரசுகளே. ஆயினும் போவோரையும் இருப்போரையும் ஒரே வாசகத்தினுள் அடக்கியமை அதன் சிறப்பு.

தமிழ் மரபுக்கு இவ்வெண்ணம் புதிதன்று. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடு ஒரு செய்தி கூறுகின்றது. முதுகுடுமிப் பெருவழுதி நற்கொற்றன் என்பானுக்கு அளித்த ஊர் களப்பிரர் ஆட்சியிலே பறிபோயிற்று. தலைமுறைகள் பல கழிந்தபின், அவன் வழிவந்த ஒருவன் பாண்டியன் நெடுஞ்சடையன் முன்னிலையிலே முறையிட்டான். உரிமையை நிறுவுக என்றான் வேந்தன், அவனும் நிறுவினான், ஊர் மீண்டது. அது நிலக்கொடை; இங்கே பேசப்படுவது உழைப்பின் கூலி. ஆயினும் அரியணை மாறினும் உரியவனின் உரிமை மாறாது என்னும் நெறி இரண்டுக்கும் ஒன்றே. கொடையையே அவ்வாறு காத்தனரெனின், கடனைக் காத்தல் எவ்வளவு இன்றியமையாதது!

மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் நாம், கொடி ஏறிய நாளையும் இறங்கிய நாளையும் மனனஞ் செய்விக்கின்றோம். கொடி மாறிய மறுமாதம் முதியவன் ஒருவனின் கைக்குப் பணம் வந்ததா என்பதையும் உடன் கேட்கக் கற்பித்தல் நன்று. ஓர் அரசு தனக்கு இனி யாதொரு பயனும் செய்ய இயலாதவனுக்கு, தான் நேரிற் கொடாத வாக்கையும் காத்து நிற்குமாயின், அதன் சொல்லை மற்றையோரும் நம்பலாம். அவ்வாறு நில்லாத அரசின் சொல்லுக்கு எத்தனை முத்திரை இட்டாலும் எடை ஏறாது.